ஃபெயில் போட்டால் படிப்பு வந்துவிடுமா?

“எட்டாவது வரைக்கும் ஆல் பாஸ்னு என்னைக்குச் சொன்னாங்களோ, அன்னைக்கே படிப்பு போயிடுச்சு.” பள்ளியின் ஆசிரியர் அறையிலும் டீக்கடை பெஞ்சிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் இந்தப் புகார் ஏறக்குறைய இதே சொற்களில்தான் வருகிறது. ஆறாம் வகுப்புப் பையன் தமிழ்ப் பாடநூலை எழுத்துக்கூட்டத் திணறுகிறான். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குக் கடன் வாங்கிக் கழிக்க வரவில்லை. ஏன் என்று கேட்டால், தேறாவிட்டாலும் மேல் வகுப்புக்கு அனுப்பச் சொல்லும் சட்டத்தைக் கை காட்டுகிறார்கள். பரிகாரமும் கையோடு வந்துவிடுகிறது: ஐந்தாவதிலும் எட்டாவதிலும் பரீட்சை வையுங்கள், தேறாதவர்களை அதே வகுப்பில் உட்கார வையுங்கள், பயம் வந்தால் படிப்பு தானாக வரும்.

2024 டிசம்பர் 16 அன்று ஒன்றியக் கல்வி அமைச்சகம் அறிவித்த திருத்த விதிகள் இந்தக் கருத்துக்கு அரசு முத்திரை குத்தின. கேந்திரிய வித்யாலயா, நவோதயா போன்ற ஒன்றிய அரசின் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் ஆண்டுத் தேர்வில் தேறாத பிள்ளை, இரண்டு மாதத்துக்குள் நடக்கும் மறுதேர்விலும் தேறாவிட்டால் அங்கேயே நிறுத்தப்படும். 16 மாநிலங்களும் 2 ஒன்றியப் பிரதேசங்களும் அதற்கு முன்பே ஆல் பாஸைக் கைவிட்டிருந்தன. தமிழ்நாட்டில் 2019 செப்டம்பரில் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அரசாணை வந்தது. எதிர்ப்பு வலுக்கவே 2020 பிப்ரவரி 4 அன்று அரசு அதைத் திரும்பப் பெற்றது. 2024இல் ஒன்றிய விதிகள் வந்தபோதும், எட்டாம் வகுப்பு வரை முழுத் தேர்ச்சியே தொடரும் என்று பள்ளிக் கல்வி அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி தெளிவாகச் சொன்னார்.

தமிழ்நாடு எடுத்த முடிவு சரியானது. ‘ஃபெயில் போட்டால் படிப்பார்கள்’ என்ற நம்பிக்கை காலக்கணக்கில் பிசகுகிறது, வகுப்பறையில் நடப்பதோடு முரண்படுகிறது, முயன்று பார்த்த நாடுகளின் அனுபவத்துக்கும் எதிராக இருக்கிறது. இத்தனைக்கும் மேலாக, பள்ளி செய்யத் தவறிய வேலைக்கான தண்டனையைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் இறக்கி வைக்கிறது.

காலக்கணக்கைப் பார்ப்போம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1 அன்று. அதன் 16ஆம் பிரிவுதான் எல்லாரும் குறை சொல்லும் ‘ஆல் பாஸ்’. கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகச் சென்று சோதிக்கும் ஏசர் ஆய்வு அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 2005இல், தொடங்கிவிட்டது. 2008இல் ஐந்தாம் வகுப்பில் இருந்த கிராமப்புறப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 56 சதவீதம் என்றது அந்த ஆய்வு. அதாவது, இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே 100 பிள்ளைகளில் 44 பேரால் வாசிக்க முடியவில்லை. அவர்களைக் கெடுத்தது எந்த ஆல் பாஸ்? தொடக்க வகுப்புகளில் யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்பதும் 2010இல் திடீரென்று முளைத்த யோசனையல்ல. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையே அதைச் சொல்லியிருந்தது.

இங்கே எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் வலுவான எண்ணை மறைத்துவிட்டு வாதாடக் கூடாது. 2010இல் ஏறத்தாழ 54 சதவீதமாக இருந்த அதே வாசிப்பு அளவு 2012இல் 47 சதவீதத்துக்கு இறங்கியது. சரிவு உண்மை. சட்டம் வந்த கையோடு சரிந்ததால் சட்டம்தான் காரணம் என்று பலர் முடிவு கட்டினார்கள். அந்த ஆண்டுகளில் வேறு பலவும் மாறிக்கொண்டிருந்தன. வசதி கொஞ்சம் கூடிய குடும்பங்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளிகளுக்கு மாற்றிக்கொண்டிருந்தன, மதிப்பீட்டு முறையும் தலைகீழாக மாற்றப்பட்டது. ஆனால் இதைவிடத் தெளிவான சான்று பின்னால் வந்தது. அரசுப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிப்பவர்கள் 2022இல் 16.3 சதவீதம், 2024இல் 23.4 சதவீதம். மூன்றாம் வகுப்பில் யாரையும் நிறுத்தி வைக்கச் சட்டத்தில் எங்கும் இடமில்லை. சட்டத்தில் பின்னர் வந்த திருத்தமும் ஐந்தையும் எட்டையும் மட்டுமே தொடுகிறது. அப்படியிருக்க, ஃபெயில் பயம் எட்டிப் பார்க்காத வகுப்பில் இந்த ஏற்றம் எப்படி வந்தது? 2021 ஜூலையில் தொடங்கிய நிபுண் பாரத் திட்டமும் மாநிலங்களின் சொந்த முயற்சிகளும் எழுத்தறிவையும் எண்ணறிவையும் மூன்றாம் வகுப்புக்குள் கற்றுத்தர வேண்டும் என்று பள்ளிகளை அந்த வேலையில் இறக்கின. சொல்லிக்கொடுத்தார்கள், பிள்ளைகள் வாசித்தார்கள்.

ஏசர் ஆய்வு எப்படி நடக்கிறது என்று நெருங்கிப் பார்த்தால் பல விஷயங்கள் துலங்கும். தன்னார்வலர் வீட்டுத் திண்ணையிலோ வாசலிலோ பிள்ளையோடு தரையில் உட்காருகிறார். கையில் ஒரே ஒரு தாள். அதில் சில எழுத்துகள், சில சொற்கள், எளிய வாக்கியங்களில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சிறு கதை. முதலில் பத்தியைக் காட்டுவார். பிள்ளை தடையில்லாமல் வாசித்தால் கதைக்குப் போவார். திணறினால் சொற்களுக்கு இறங்குவார். அதுவும் வராவிட்டால் எழுத்துகளுக்கு. சில நிமிட வேலைதான். ஆனால் எழுந்து போகும்போது அந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. ஆண்டுத் தேர்வின் விடைத்தாளில் 100க்கு 23 என்று சிவப்பு மையில் போட்ட எண்ணால் இதைச் சொல்ல முடியாது. எழுத்து தெரியாமல் 23 வாங்கினானா, வாசிக்கத் தெரிந்தும் கேள்வி புரியாமல் வாங்கினானா, பரீட்சைக்கு முந்திய மாதம் முழுக்க அம்மாவோடு கரும்பு வெட்டப் போன ஊரிலிருந்து திரும்பாததால் வாங்கினானா? 23 என்பது 23தான்.

ஐந்தாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாத பிள்ளை ஐந்தாம் வகுப்பில் தோற்ற பிள்ளை அல்ல. அது ஒன்றாம் வகுப்பிலோ இரண்டாம் வகுப்பிலோ, உயிர்மெய்யெழுத்துகளின் கொம்பும் காலும் குழம்பிய இடத்திலேயே நின்றுவிட்டது. அதைக் கவனிக்க ஆளில்லை. வகுப்பு மேலே போய்விட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து ஐந்தாம் வகுப்பில் பரீட்சை வைத்து இதைக் கண்டுபிடிப்பது மிகத் தாமதமான கண்டுபிடிப்பு.

கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கானிமியன் ஆகிய பொருளியலாளர்கள் டெல்லியில் நடுநிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளைச் சோதித்து 2019இல் வெளியிட்ட ஆய்வை, ஃபெயில் போடச் சொல்லும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். அவர்கள் சோதித்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது இந்த இடைவெளி நாலரை வகுப்புகளாகப் பெருத்திருந்தது. ஒரே வகுப்பறையில் ஐந்தாறு வகுப்புகளின் தரத்தில் பிள்ளைகள் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். இதைவிட மனத்தைத் தைக்கும் கண்டுபிடிப்பு இன்னொன்று உண்டு. வழக்கமான பள்ளிப் படிப்பை மட்டும் பெற்ற பிள்ளைகளில், தொடக்கத்தில் கடைசி மூன்றில் ஒரு பங்கில் இருந்தவர்கள் அந்த ஆய்வுக் காலத்தில் கிட்டத்தட்ட எதையுமே கூடுதலாகக் கற்கவில்லை. பள்ளிக்கு வந்தார்கள், உட்கார்ந்தார்கள், எழுதிப் போட்டதைப் பார்த்து எழுதினார்கள். அவர்களின் அறிவில் ஏறியது பூஜ்யத்துக்குப் பக்கத்தில்.

நிறுத்தி வைக்கச் சொல்வோரின் வாதம் இங்கேதான் உடைகிறது. ஒரு பிள்ளைக்கு ஓராண்டு வகுப்பறை ஒன்றுமே தரவில்லை என்றால், அதே ஆண்டை அதே பாடநூலோடு அதே முறையில் மறுபடியும் கொடுப்பதால் என்ன வரும்? வேறு ஊருக்குப் போகும் பேருந்தில் தெரியாமல் ஏறிவிட்டவரை, மறுநாளும் அதே பேருந்தில் ஏற்றிவிடுவது போன்றது இது. இரண்டரை வகுப்பு பின்தங்கிய பிள்ளையை ஒரு வகுப்பு நிறுத்தினாலும் பாடநூல் அதன் தலைக்கு மேலேதான் இருக்கும். 46இலிருந்து 28ஐக் கழிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பின்னங்களைச் சென்ற ஆண்டு நடத்தினார்கள், இந்த ஆண்டும் நடத்துவார்கள்.

அந்தப் பிள்ளையின் ஜூன் மாதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். கூடப் படித்தவர்கள் பக்கத்து வகுப்புக்குப் போய்விட்டார்கள். சில வீடுகளில் தங்கை வந்து அதே பெஞ்சில் உட்காருகிறாள். பெயருக்கு முன்னால் ‘ஃபெயிலானவன்’ என்ற அடைமொழி. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த பிள்ளை என்றால், “உனக்குப் படிப்பு ஏறலை, கடைக்கு வந்து எடுபிடி வேலை பாரு” என்று வீட்டில் சொல்ல ஒரு காரணமும் கிடைத்துவிடுகிறது. பெண் குழந்தை என்றால் முடிவு இன்னும் விரைவாக வரும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பின்தங்கினால் டியூஷன் ஏற்பாடாகும், வேறு பள்ளி தேடப்படும். நிறுத்தி வைக்கும் கொள்கை காகிதத்தில் எல்லாருக்கும் பொது. இறங்குவது டியூஷனுக்குக் காசில்லாத வீட்டில்.

உலகம் இதைச் செய்து பார்க்காமல் இல்லை. அமெரிக்காவின் சிகாகோ நகரப் பள்ளிகள் 1996இல் ‘இனி இலவசத் தேர்ச்சி கிடையாது’ என்று அறிவித்து, மூன்று, ஆறு, எட்டாம் வகுப்புகளில் தேர்வு வைத்துப் பிள்ளைகளை நிறுத்தின. அதிபர் கிளின்டனே 1998இல் நாடாளுமன்ற உரையில் சிகாகோவைப் பின்பற்றச் சொன்னார். பின்னர் பிரையன் ஜேக்கப், லார்ஸ் லெஃப்கிரன் என்ற இருவர், மதிப்பெண் மயிரிழையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விழுந்த பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எட்டாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்கள் உயர்நிலைப் பள்ளியை முடிக்காமலே வெளியேறுவது கூடியது. ஆறாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. ஆனால் பள்ளியை முடிப்பதில் அவர்களுக்கு நன்மையும் தெரியவில்லை.

பிரேசில் இன்னும் பெரிய பாடம். செர்ஜியோ கோஸ்டா ரிபெய்ரோ என்ற இயற்பியலாளர் 1980களின் பள்ளிக் கணக்குகளைத் தோண்டிப் பார்த்தார். பிள்ளைகள் பள்ளியைவிட்டு ஓடிவிடுகிறார்கள் என்று அரசு நினைத்துக்கொண்டிருந்தது. உண்மையில் அவர்கள் ஓடவில்லை. ஒரே வகுப்பில் திரும்பத் திரும்ப உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். முதல் வகுப்பில் மட்டுமே பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஃபெயில் பயத்தால் தரம் உயரும் என்றால், பிரேசிலில் அது வானத்தைத் தொட்டிருக்க வேண்டும். பிள்ளைகள் பல ஆண்டுகள் பள்ளியில் கழித்து, நாலைந்து வகுப்புகளைத் தாண்டாமலே வெளியேறினார்கள். மறுபக்கம், கட்டாயக் கல்வி முடியும்வரை வயதுக்கேற்ற வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பிவிடும் ஜப்பானும் தென்கொரியாவும் பன்னாட்டுத் தேர்வுகளில் முன்வரிசையில் நிற்கின்றன.

எதிர்த்தரப்பு மேற்கோள் காட்டக்கூடிய நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் 2003 முதல் மூன்றாம் வகுப்பில் வாசிப்புத் தேர்வில் தேறாத பிள்ளைகளை நிறுத்தியது. பின்னாளில் அந்தப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் சற்று நல்ல மதிப்பெண்கள் வாங்கினார்கள் என்றும், பள்ளியை முடிப்பதில் நட்டமில்லை என்றும் ஆய்வுகள் கண்டன. ஆனால் ஃபுளோரிடா அந்தப் பிள்ளைகளைச் சும்மா நிறுத்தவில்லை. கோடை விடுமுறையில் வாசிப்பு முகாம், மறு ஆண்டு நாள்தோறும் 90 நிமிட வாசிப்புப் பயிற்சி, அதுவும் நல்ல திறன் காட்டிய ஆசிரியரிடம் என்று சட்டமே கட்டாயப்படுத்தியது. அவ்வளவு கற்பித்தலில் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, நிறுத்துவதை எடுத்துவந்து இங்கே சட்டமாக்குகிறார்கள். மூன்றாம் வகுப்பில் எட்டு வயதில் செய்ததை எட்டாம் வகுப்பில் பதின்மூன்று வயதில் செய்யப் பார்க்கிறார்கள். சிகாகோவில் வெளியேறுவது கூடியது அந்த எட்டாம் வகுப்பில் நிறுத்தப்பட்ட பிள்ளைகளிடம்தான்.

ஒன்பதாம் வகுப்பு ஆசிரியரின் கோபம் நியாயமானது என்பதில் சந்தேகமில்லை. வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை அவர் கையில் கொடுத்து, அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குத் தயார் செய்யச் சொல்கிறார்கள். மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் அவர்தான் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். அந்தக் கோபம் எதன்மேல் திரும்ப வேண்டும் என்பதில்தான் பிசகு. ஆல் பாஸ் அவரிடம் அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்தது, உண்மை. ஆல் பாஸ் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொண்டு வந்திருக்காது, வந்தே இருக்காது.

உண்மையில் 2009இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையைச் சும்மா மேலே தள்ளிவிடச் சொல்லவில்லை. அதன் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. ஒன்று, குறித்த காலத்துக்குள் பாடத்திட்டம் முழுவதையும் முடிக்க வேண்டும். அடுத்தது, ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்படும் பிள்ளைக்குக் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வரிகள். நடைமுறையில் முதல் வரி மட்டுமே உயிரோடிருக்கிறது. ‘போர்ஷன் முடிச்சாச்சா?’ என்று தலைமையாசிரியர் கேட்பார், வட்டாரக் கல்வி அலுவலர் கேட்பார், பெற்றோரும் கேட்பார்கள். ‘கடைசி பெஞ்சில் இருக்கும் ஏழு பேருக்கு வாசிக்க வந்துவிட்டதா?’ என்று கேட்கும் படிவம் எந்தக் கோப்பிலும் நெடுங்காலம் இருக்கவில்லை. சட்டத்தில் காசும் ஆளும் உழைப்பும் கேட்ட பகுதி கிடப்பில் போனது. ஒன்றுமே கேட்காத பகுதி, அதாவது தேர்ச்சி என்று எழுதுவது, மறுநாளே அமலானது. பழியையும் அதுவே சுமக்கிறது.

பரீட்சைக்குப் பதிலாக வந்த தொடர் மதிப்பீட்டு முறையும் இப்படித்தான் ஆனது. தமிழ்நாட்டில் 2012-13 முதல் முப்பருவ முறையோடு வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண்கள் பிரிந்தன. நோக்கம் நல்லது. அன்றாடம் பிள்ளையைக் கவனித்து, எங்கே இடறுகிறது என்று பார்த்து, மறுநாள் பாடத்தை அதற்கேற்ப மாற்ற வேண்டும். நடந்தது பதிவேடு எழுதுவது. சார்ட்டும் மாதிரியும் செய்துவரச் சொல்லி, வீட்டில் அண்ணனோ ஜெராக்ஸ் கடையோ செய்துகொடுத்ததற்கு மதிப்பெண் போட்டு, கட்டம் கட்டமாக நிரப்பி, அலுவலர் வரும் நாளுக்கு எடுத்து வைத்தார்கள். ஹரியானாவில் 2012-13இல் இதை முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். சில பள்ளிகளில் தொடர் மதிப்பீடு, வேறு சில பள்ளிகளில் தினமும் ஒரு மணி நேரம் பிள்ளைகளை வகுப்புவாரியாக அல்லாமல் வாசிப்பு நிலைவாரியாகப் பிரித்துக் கற்பித்தல். தொடர் மதிப்பீட்டால் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் தெரியவில்லை. நிலைவாரியாகப் பிரித்துக் கற்பித்த பள்ளிகளில் இந்தி வாசிப்பு முன்னேறியது. இரண்டிலும் அதே அரசுப் பள்ளி ஆசிரியர்கள்தான், அதே வகையான பிள்ளைகள்தான். யாரையும் ஃபெயிலாக்கவும் இல்லை.

இந்த நிலைவாரிக் கற்பித்தலின் வேர் இதற்கும் முந்தையது. பிரதம் அமைப்பு வதோதராவிலும் மும்பையிலும் ‘பால்சகி’ என்ற பெயரில், பள்ளிப் படிப்பை முடித்த உள்ளூர்ப் பெண்களை மாதம் 500 முதல் 750 ரூபாய் ஊதியத்தில் அமர்த்தியது. மூன்றாம், நான்காம் வகுப்பில் மிகவும் பின்தங்கிய 15, 20 பிள்ளைகளை அவர்கள் நாள்தோறும் இரண்டு மணி நேரம் தனியே அழைத்துப்போய், தாழ்வாரமோ காலியறையோ கிடைத்த இடத்தில் உட்கார வைத்து, எழுத்தும் எண்ணும் சொல்லித்தந்தார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, ஷான் கோல், லீ லிண்டன் ஆகியோர் இதை அளந்து 2007இல் வெளியிட்டார்கள். பிள்ளைகளின் தேர்ச்சி திட்டமாக உயர்ந்தது. அதிகம் உயர்ந்தது அடிமட்டத்தில் இருந்தவர்களுக்கு. பின்னர் உத்தரப் பிரதேசத்தில் 50 நாள் கற்றல் முகாம்கள் நடந்த பள்ளிகளில், பத்தியையோ கதையையோ வாசிக்கும் பிள்ளைகளின் பங்கு முகாம் நடக்காத பள்ளிகளைவிட ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. 50 நாள்! ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் ஓராண்டை அழித்துவிட்டுச் செய்யப் பார்க்கும் வேலையின் பெரும்பகுதி.

தமிழ்நாட்டிலேயே இதற்குச் சான்று இருக்கிறது, அதுவும் அண்மையில். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலம்தான் இந்த மண் கண்ட மிகப்பெரிய கற்றல் இழப்பு. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டின் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள். 2019இல் எடுத்த அளவோடு 2021 டிசம்பரை ஒப்பிட்டபோது கணக்கிலும் தமிழிலும் பெரும் பள்ளம் தெரிந்தது. பள்ளிகள் திறந்து ஆறு மாதத்துக்குள் அந்தப் பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூர்ந்துவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு ‘இல்லம் தேடிக் கல்வி’யால் வந்தது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அதே தெருப் பெண்கள், மாலையில் வீட்டுத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் அங்கன்வாடியிலும் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொன்னார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளே அதில் அதிகம் பயன்பெற்றார்கள். அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டில் எல்லாரும் பாஸ். பத்தாவது, பன்னிரண்டாவது கூட 2021இல் பாஸ். ஃபெயில் பயம் முற்றிலும் இல்லாத நாட்களில் பிள்ளைகள் இவ்வளவு விரைவாக மீண்டு வந்தார்கள். பயமில்லாமல் படிக்க மாட்டார்கள் என்ற கட்சிக்காரர்கள் இதற்கு என்ன விளக்கம் வைத்திருக்கிறார்கள்?

2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ இதே பாதையில் வந்தது. ஒன்று முதல் மூன்று வரையான வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்து, அவரவர் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கச் சொன்னது. அரும்பில் இருப்பவன் முட்டாள் அல்ல, மலரில் இருப்பவள் அறிவாளியும் அல்ல. எழுத்தில் நிற்கிறான், பத்தியில் நிற்கிறாள், அவ்வளவுதான். அடுத்த மதிப்பீட்டில் நிலை மாறும். இந்தத் திட்டத்திலும் குறைகள் உண்டு. செயலியில் பதிவேற்றுவதிலேயே பாதி நேரம் போகிறது என்று ஆசிரியர்கள் குமுறுகிறார்கள். ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள் இருக்கும் பள்ளியில் மூன்று நிலைகளைப் பிரித்து நடத்துவது காகிதத்தில் எழுதுவது போல எளிதல்ல. இவை தீர்க்க வேண்டிய குறைகள். தீர்ப்பதற்குத் தேவை ஆசிரியர் நியமனமும் படிவங்களைக் குறைப்பதும். ஐந்தாம் வகுப்பில் ஃபெயில் போடுவதால் இவற்றில் எதுவும் தீராது.

இதனால் தேர்வே கூடாது என்று யாரும் புரிந்துகொள்ள வேண்டாம். பிள்ளை என்ன கற்றது என்று தெரியாமல் கற்பிக்க முடியாது. இன்று நடப்பதைவிட அதிகமாகவே சோதிக்க வேண்டும். கேள்வி, விடைத்தாளை யார் படிக்கிறார்கள், படித்துவிட்டு என்ன செய்கிறார்கள் என்பதுதான். 46இலிருந்து 28ஐக் கழிக்கச் சொன்னால் ஏராளமான பிள்ளைகள் 22 என்று எழுதுவார்கள். அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடலாம். நின்று பார்க்கும் ஆசிரியருக்கு அந்த 22 ஒரு முழுக் கதையைச் சொல்லும். ஆறிலிருந்து எட்டைக் கழிக்க முடியாது என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் எட்டிலிருந்து ஆறைக் கழித்திருக்கிறது. ஒன்றின் இடம், பத்தின் இடம் என்ற கருத்துதான் இன்னும் பிடிபடவில்லை. நாளைக் காலை பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக் கட்டுகளை எடுத்து, ஒரு கட்டைப் பிரித்துக் காட்டினால் இரண்டு மூன்று நாட்களில் சரியாகிவிடும். இதே 22 மார்ச் மாத ஆண்டுத் தேர்வில் எழுதப்பட்டால் அதற்குப் பிறகு குச்சிக் கட்டும் இல்லை, நாளைக் காலையும் இல்லை. மதிப்பெண் பட்டியல் மட்டுமே இருக்கிறது.

பயத்தை நம்பும் தேர்வு முறை பிள்ளைகளை மட்டுமல்ல, பள்ளிகளையும் கெடுக்கிறது. 2025இல் தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பில் 95.03 சதவீதமும் பத்தாம் வகுப்பில் 93.80 சதவீதமும் தேர்ச்சி. இந்த எண்ணைக் காப்பாற்றுவதற்காகப் பல பள்ளிகள் என்ன செய்கின்றன என்பது ஆசிரியர் எவருக்கும் புதிதல்ல. ஒன்பதாம் வகுப்பில் தேறமாட்டான் என்று தெரிந்த பிள்ளையின் பெற்றோரை அழைத்து, ‘வேறு பள்ளி பாருங்கள்’ என்று டி.சி.யைக் கையில் கொடுப்பார்கள். அல்லது, ‘பிரைவேட்டாக எழுதட்டும்’ என்பார்கள். வாசலில் 100 சதவீதத் தேர்ச்சி என்று பேனர் தொங்கும். ஐந்துக்கும் எட்டுக்கும் நிறுத்தி வைக்கும் தேர்வு வந்தால் இந்தப் பழக்கம் பத்து வயதுக்கு இறங்கும். தேர்ச்சி விழுக்காடு காட்ட வேண்டிய பள்ளி, தேறாத பிள்ளையைத் தேற்றுவதைவிட வெளியே அனுப்புவது எளிது என்று கற்றுக்கொள்ளும்.

நிறுத்தி வைக்க அனுமதித்த திருத்தச் சட்டத்துக்குள்ளேயே அதன் ஆதரவாளர்கள் கவனிக்காத ஒரு வாக்குமூலம் இருக்கிறது. ஆண்டுத் தேர்வில் தேறாத பிள்ளைக்குக் கூடுதலாகக் கற்பித்து, இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு நடத்த வேண்டும் என்கிறது அது. 2024 விதிகளோ, நிறுத்தப்பட்ட பிள்ளைக்கும் பெற்றோருக்கும் வகுப்பாசிரியர் வழிகாட்ட வேண்டும், கற்றல் இடைவெளிகளைக் கண்டறிந்து உதவ வேண்டும் என்கின்றன. தேவையானது கூடுதல் கற்பித்தல்தான் என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. இரண்டு மாதம் தனிக்கவனத்தோடு கற்பித்தால் பிள்ளை தேறிவிடும் என்று அவர்களே நம்புகிறார்கள். அந்த இரண்டு மாதத்தை எதற்காக ஐந்தாம் வகுப்பின் முடிவில், தோல்வி அறிவித்த பிறகு, கோடை வெயிலில் வைக்க வேண்டும்? இரண்டாம் வகுப்பின் ஜூன், ஜூலையில் வைக்கலாம். ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் அழைத்து ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்ல, 40 பேர் உள்ள வகுப்பில் ஓரிரு நாள் போதும். பின்தங்கிய பத்துப் பேருக்குத் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க, ஊரிலேயே படித்த ஒரு பெண்ணை மதிப்பூதியத்தில் அமர்த்தலாம். இல்லம் தேடிக் கல்வியில் பழகிய 2 லட்சம் பேரில் பலர் இன்னும் அதே ஊர்களில்தான் இருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்புத் தேர்வுக்கு வினாத்தாள் அச்சடித்து, மையம் ஒதுக்கி, விடைத்தாள் திருத்தி, மறுதேர்வும் நடத்தி, தோற்ற பிள்ளைக்கு இன்னொரு ஆண்டுக்கான செலவையும் செய்ய அரசிடம் பணம் இருக்குமானால், அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கவும் பணம் இருக்கும்.